படகில் ஒரு பள்ளி: சிறுவர்க்குக் கடற்காப்புக் கல்வி

பெங்களூரு நகரின் தென்பகுதியிலுள்ள அடுகோடி, கடலை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம் என்று எவரும் கருதமாட்டார். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. எந்தக் கடற்கரையை அடைய வேண்டுமாயினும் சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். இங்குள்ள கால்நடை உணவு ஆராய்ச்சி நிலையமும், பால்வள ஆராய்ச்சி நிலையமும், தொழிற்சாலைகளும் பலருக்குத் தெரியும். ஆனால் கடலுக்கும் இவ்வூருக்கும் யாது தொடர்பு என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பர். இக்கட்டுரையாளனும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அவர்களுள் ஒருவனாகவே இருந்தான்.

மழை நாள் ஒன்றில் எம் வீட்டு வாயிலில் ஓடிய கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், “அப்பா, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?” என்று வினவினாள். “ஏரிக்குப் போகிறது” என்றேன். “ஏரியிலிருந்து?” என்றாள். “ஆற்றுக்கு.” “ஆற்றிலிருந்து?” மூன்றாம் வினாவுக்கு விடை கூறுமுன் நான் தேசப்படத்தை எடுத்து விரிக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் நாங்கள் மேற்கொண்ட பயணத்திற்கு அவ்வினாவே வித்தாயிற்று. அப்பயணத்தில் கண்டவற்றையும், குழந்தைகளுடன் படகேறும் பெற்றோர் கடலைப் பற்றி அவர்களுக்கு எவ்வாறு கற்பிக்கலாம் என்பதையும் இங்கே கூற முற்படுகிறேன்.

நீர் செல்லும் வழி

அடுகோடி, கோரமங்கலம் முதலிய பகுதிகளின் கழிவுநீரும் மழைநீரும் கோரமங்கலம் பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரியைச் சேர்கின்றன. அங்கிருந்து வழியும் நீர் வர்த்தூர் ஏரியை அடைந்து, பின்னர்த் தட்சிண பினாகினி என்னும் ஆற்றில் கலக்கிறது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறே தமிழ்நாட்டில் தென்பெண்ணை எனப் பெயர் பெறுகிறது. ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை ஆகியவற்றைக் கடந்து, சுமார் 400 கிலோமீட்டர் பயணம் செய்து, கடலூருக்கு அருகில் வங்கக் கடலில் இது சங்கமமாகிறது. ஆகவே அடுகோடியில் ஒரு வாளி சோப்பு நீரைக் கொட்டுபவர், தாம் அறியாமலே, கடலோடு தொடர்பு கொள்ளுகிறார்.

இத்தொடர்பு வெறும் கற்பனையன்று. பெல்லந்தூர் ஏரியில் வெண்ணிற நுரை பனிமலை போல் எழுந்து சாலையில் பரவியதையும், 2015-ஆம் ஆண்டிலும் பின்னரும் ஏரியில் தீப்பற்றியதையும் செய்தித்தாள்கள் வாயிலாக நாடே அறியும். சலவைத் தூள்களில் உள்ள நுரைக்கும் பொருள்கள் சுத்திகரிக்கப்படாத கழிவுநீருடன் ஏரியில் சேர்வதே நுரைக்குத் தலையாய காரணம். இதே நுரை கெலவரப்பள்ளி அணையிலும் பலமுறை காணப்பட்டுள்ளது. கழிவுநீரின் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. எனினும் பெருமழை பெய்யும்போது ஏரியும் கால்வாயும் கரை கடக்கின்றன; அவற்றில் கிடக்கும் நெகிழிப் பைகளும் புட்டிகளும் ஆற்றின் போக்கில் செல்லுகின்றன. கோடையில் வறண்டு கிடக்கும் தென்பெண்ணை, 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையொட்டிக் கரைபுரண்டு ஓடியதை நினைவிற் கொண்டால், ஓராண்டின் குப்பை முழுவதையும் ஓரிரு நாள்களில் வாரிச் செல்லும் ஆற்றல் வெள்ளத்திற்கு உண்டு என்பது விளங்கும்.

குழந்தைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லத் தொடங்குமிடம் இதுவே. கடல் எங்கோ தொலைவில் உள்ள ஓர் அற்புதம் என்று தொடங்கினால், அதைக் காப்பதும் எங்கோ உள்ள எவரோ ஒருவருடைய வேலையாகிவிடும். வாயிற்கால்வாயிலிருந்து தொடங்கினால் அது தம்முடைய வேலை என்பதைக் குழந்தைகள் தாமே உணர்வர்.

படகேறுமுன்

கடற்பயணத்திற்கு முன் குழந்தைகளை ஏராளமான தகவல்களால் நிரப்ப வேண்டுவதில்லை. மூன்று செய்திகள் போதும். பூமியின் மேற்பரப்பில் 100-க்கு 71 பங்கு கடல் என்பது முதலாவது. தாவரங்களும் தாவர நுண்ணுயிர்களும் ஆண்டுதோறும் உண்டாக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத கடல் மிதவை உயிர்களால் உண்டாகிறது என்பது இரண்டாவது. வங்கக் கடல், அரபிக் கடல் என்று நாம் பெயரிட்டு அழைப்பினும், உண்மையில் உலகிலுள்ளது ஒன்றோடொன்று இணைந்த ஒரே கடல் என்பது மூன்றாவது. அமெரிக்க நாட்டு விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கூடிக் கடலறிவுக்கென வகுத்த 7 கோட்பாடுகளில் முதலாவதாக நிற்பது இம்மூன்றாம் செய்தியே.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு துளியை நாவில் வைக்கச் சொல்லுங்கள். கடல்நீரின் சராசரி உவர்ப்பு ஏறத்தாழ இதுவே. பின்னர் அந்நீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால், இரண்டொரு நாளில் உப்பு மட்டும் எஞ்சும். தூத்துக்குடி உப்பளங்களில் நடைபெறுவது இதுவே என்று சொன்னதும், எம் வீட்டுச் சிறுவன் சமையலறை உப்பு ஜாடியைப் புதிய மரியாதையுடன் நோக்கலானான்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: தொப்பி, குடிநீர் நிரப்பிய எவர்சில்வர் புட்டி, டிபன் பாத்திரத்தில் உணவு, ஒரு துணிப்பை, ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு பென்சில். நெகிழி உறையிட்ட தின்பண்டங்கள் எவையும் வேண்டா என்று முடிவு செய்திருந்தோம். அம்முடிவை நாங்கள் முழுவதும் காப்பாற்றவில்லை என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றி ஒரு சொல். படகேறுவோர் ஒவ்வொருவரும், பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றி, அதனை அணிதல் வேண்டும். “நீச்சல் தெரியும்” என்று தந்தை மறுத்தால் மகனும் மறுப்பான். கடலை மதிக்கக் கற்பதே கடலைக் காக்கக் கற்பதன் முதற்படி.

அலையாத்திக் காட்டில்

முதன்முறை படகேறும் சிறுவர்க்கு அலைமோதும் கடலைவிடக் கழிமுகமே ஏற்றது. கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்துக்கு அருகில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் அமைந்த பிச்சாவரம் சதுப்புநிலக் காடு இதற்கு மிகவும் உகந்தது. 2022-ஆம் ஆண்டில் இது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. துடுப்புப் படகு ஓசையின்றிச் செல்வதால், பறவைகளின் குரலும் நண்டுகள் சேற்றில் ஊரும் அரவமும் தெளிவாகக் கேட்கின்றன.

இங்குள்ள மரங்களே தலைசிறந்த ஆசிரியர்கள். காற்றுப் புகாத சேற்றில் வேர்கள் சுவாசிப்பது எங்ஙனம்? அலையாத்தி மரம் தன் வேர்களிலிருந்து பென்சில் பென்சிலாகச் சுவாச வேர்களை மேல்நோக்கி அனுப்புகிறது. சுரபுன்னை மரமோ பல கால்களை ஊன்றினாற்போல் தாங்கு வேர்களை விட்டு நிற்கிறது. அதன் விதை, தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட நாற்றாகி, பின்னரே கீழே விழுகிறது. உவர்நீரில் விதையை விட்டுவிட்டு நற்பேற்றை நம்பியிருக்க அம்மரம் விரும்பவில்லை போலும்! அலையாத்தி இலையை உற்று நோக்கினால் சில வேளைகளில் உப்புப் படிகங்கள் மின்னுவதைக் காணலாம். வேர் வழியாக உட்புகுந்த உப்பை அம்மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது.

மீன்களும் இறால்களும் குஞ்சுப் பருவத்தில் இவ்வேர்களிடையே அடைக்கலம் புகுகின்றன. எனவே இக்காட்டை வெட்டினால் கடலில் வலை வீசுபவர்களின் வலையும் வெறுமையாகும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, இக்காட்டின் பின்புறம் அமைந்த சிற்றூர்களில் சேதம் குறைந்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்துள்ளனர். அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இயங்கி வருகிறது. இத்தகைய ஆய்வுகளுக்கு அது நெடுங்காலமாக உறைவிடமாக விளங்குகிறது.

“மரம் கடலைத் தடுக்குமா?” என்று என் மகன் நம்ப மறுத்தான். அதற்குப் படகோட்டி, “தம்பி, ஒரு மரம் தடுக்காது. காடு தடுக்கும்” என்றார். நான் அரைமணி நேரம் சொல்லியிருப்பதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கண்ணாடியின் அடியில்

பிச்சாவரத்திலிருந்து தெற்கே சென்று நாங்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையை அடைந்தோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையோரமாக 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. மண்டபத் தொகுதியில் 7, கீழக்கரைத் தொகுதியில் 7, வேம்பார்த் தொகுதியில் 3, தூத்துக்குடித் தொகுதியில் 4 என இவை கணக்கிடப்பட்டன. 1986-ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சூழ்ந்த கடலுமாக 560 சதுரக் கிலோமீட்டர் பரப்பு, மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டில் 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

“கணக்கிடப்பட்டன” என்று இறந்த காலத்தில் எழுதக் காரணமுண்டு. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப் பாறைகள் பல்லாண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டன. அலைகளின் வேகத்தைத் தணிக்கும் அரண் அழிந்ததும் மணல் கரைந்தது, தீவு மறைந்தது. 2001-ஆம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2005-ஆம் ஆண்டளவில் பாறை வெட்டுதல் நின்றது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் பெரிதும் தேய்ந்துவிட்டதால், 2015-ஆம் ஆண்டு முதல் அதன் முன்னே செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டு, கரை காக்கப்பட்டு வருகிறது. வரைபடத்தில் 21 புள்ளிகளை எண்ணிய குழந்தையிடம், “இவற்றுள் இரண்டு இப்பொழுது இல்லை” என்று சொல்லிப் பாருங்கள். அழிவு என்னும் சொல்லின் பொருளை அதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

இக்கரையில் வனத்துறையினர், கரையோரக் கிராம மக்களின் துணையுடன் படகுச் சவாரி நடத்துகின்றனர். காரங்காட்டில் அலையாத்திக் காட்டினூடே படகு செல்லுகிறது. ஏர்வாடிப் பகுதியில் அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகுகள் உள்ளன. 1897-ஆம் ஆண்டு விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குச் செல்லலாம். முதுகெலும்பற்ற பிராணிகளுக்கும் முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் பாலனோகிளாசஸ் என்னும் புழு வாழ்வதால், இத்தீவு உயிரியல் மாணவர்களிடையே பெயர் பெற்றது.

கண்ணாடிப் படகில் குனிந்து நோக்கினால் முதலில் மணலும் புல்லுமே தோன்றும். அப்புல்லைக் கடற்பாசி என்று எண்ணிவிடலாகாது. கடற்புல் என்பது வேரும் தண்டும் பூவும் உடைய உண்மைத் தாவரம். நிலத்தில் தோன்றிக் கடலுக்குத் திரும்பிய குலத்தைச் சேர்ந்தது. கரியமில வாயுவை உட்கொண்டு மண்ணில் நெடுங்காலம் தேக்கி வைக்கும் ஆற்றல் இதற்குண்டு. ஆவுளியா எனப்படும் கடற்பசு இதனையே மேய்கிறது. வளர்ந்த கடற்பசு நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோகிராம் புல் வரை உண்ணும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்றை ஈனுவதால், ஒரு பசு வலையில் சிக்கி மாண்டாலும் இழப்பு பெரிது. இதனைக் காக்கும் பொருட்டு, 2022-ஆம் ஆண்டில் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் நாட்டின் முதலாவது கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு அமைத்தது.

புல்வெளியைக் கடந்ததும் பவளப் பாறை தோன்றியது. பாறை என்று சொல்லினும், அதனைக் கட்டியவை பவளப் பூச்சிகள் என்று நம் நூல்கள் வழங்கும் சிறு உயிர்கள். அவற்றின் திசுவினுள் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்துப் பூச்சிக்கு அளிக்கின்றன. வண்ணத்தையும் அவையே தருகின்றன. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள இந்த நல்லுறவு, நீரின் உஷ்ணம் வரம்பு மீறும்போது முறிந்துவிடுகிறது. பூச்சி பாசியை வெளியேற்றுகிறது. பவளம் வெளுத்து நிற்கிறது. வெளுத்த பவளம் இறந்த பவளமன்று. பட்டினி கிடக்கும் பவளம். சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் மீளும், இல்லையேல் மாளும். மன்னார் வளைகுடாவில் 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் இத்தகைய வெளுப்பு கடுமையாக நேர்ந்தது. உருண்டைப் பவளங்கள் பல ஆண்டொன்றுக்கு ஒரு செண்டிமீட்டர் அளவே வளர்வன. ஆகவே மேசையளவு பவளம் ஒன்று நம் பாட்டனார் காலத்தில் முளைத்ததாக இருக்கலாம்.

இவ்விடத்தில் பெற்றோர் ஒன்றைக் கவனித்தல் நலம். குழந்தைகளிடம் அழிவையே பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் அஞ்சி முகம் திருப்பிக்கொள்வர். கிளிமீன் பாறையைக் கொறிப்பதையும், கடல் அட்டை மணலை உண்டு தூய்மைப்படுத்துவதையும் முதலில் கண்குளிரக் காணட்டும். அன்பு பிறந்த பின்னரே அக்கறை பிறக்கும். தாங்கள் கண்டவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் வரையச் செய்வது புகைப்படம் எடுப்பதைவிட மேலானது. வரைவதற்கு உற்று நோக்க வேண்டும் அன்றோ?

ஒரு தட்டும் ஒரு கயிறும்

விஞ்ஞானம் என்பது பிறர் கூறுவதைக் கேட்பது மட்டுமன்று. தானே அளந்து பார்ப்பது. படகில் சிறுவர் செய்யத்தக்க அளவை ஒன்று உண்டு. 1865-ஆம் ஆண்டில் இத்தாலிய வானநூல் அறிஞர் ஆஞ்செலோ ஸெக்கி என்பவர், மத்தியதரைக் கடலில் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெண்ணிற வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். நீரின் தெளிவை அறிய அன்று அவர் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது.

சுமார் 30 செண்டிமீட்டர் அகலமுள்ள வெண்ணிறத் தட்டு ஒன்றின் அடியில் எடை கட்டி, நடுவே கயிறு கோத்து, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு இடுக. படகோட்டியின் இசைவு பெற்று, பொறியை நிறுத்திய பின், பாறையும் பவளமும் இல்லாத இடத்தில் பெரியவர் ஒருவர் தட்டை மெல்ல இறக்குக. தட்டு மறையும்போது ஒரு குழந்தை “நிறுத்து” என்று கூவட்டும். மற்றொரு குழந்தை முடிச்சுகளை எண்ணட்டும். பிச்சாவரக் கழிமுகத்தில் எங்கள் தட்டு சில முடிச்சுகளுக்குள் மறைந்துவிட்டது. மன்னார் வளைகுடாவிலோ தட்டு மறையுமுன் கயிறு தீர்ந்தது. ஒளி புகாத நீரில் கடற்புல்லும் பவளப் பாசியும் உணவு சமைக்க இயலாது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொண்டனர். கழிமுகம் கலங்கியிருப்பது இயல்பு என்பதையும், எல்லாக் கலங்கலும் மாசு ஆகாது என்பதையும் உடன் விளக்குதல் வேண்டும். அரைகுறை உண்மை பொய்யினும் தீங்கு விளைக்கும்.

பிஸ்கட் உறை

முன்னர் ஒரு குறை கூறுவதாகச் சொன்னேன். வழியில் பசித்த பிள்ளைகளுக்காகப் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வாங்கியிருந்தோம். படகில் என் மகன் அதனைப் பிரித்தான். காற்று உறையைப் பறித்துச் சென்றது. அது நீரில் விழுந்து மெல்ல ஆடிக்கொண்டே தாழ்ந்தது. கண்ணாடியின் வழியே நாங்கள் அனைவரும் அதனைப் பார்த்தோம். “அப்பா, சொறிமீன் போலவே இருக்கிறது” என்றாள் மகள்.

கடலாமைகளும் அவ்வாறே ஏமாறுகின்றன. பேராமை, அழுங்காமை, பங்குனியாமை முதலிய ஐந்து இனங்கள் இந்தியக் கடல்களில் உள்ளன. சொறிமீனை உண்ணும் ஆமைகள் நெகிழிப் பையையும் விழுங்கிவிடுகின்றன. அது குடலில் அடைத்துக்கொள்ளுகிறது. இதனை நான் விளக்கத் தொடங்குமுன் படகோட்டி படகைத் திருப்பி, கோல் ஒன்றால் உறையை எடுத்து என் மகன் கையில் கொடுத்தார். அவர் கடிந்துகொள்ளவில்லை. “வீட்டுக்குக் கொண்டு போ, தம்பி” என்று மட்டும் சொன்னார். சிறுவன் ஊர் திரும்பும் வரை அவ்வுறையைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்தும், நாடெங்கும் 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்தும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பல தடை செய்யப்பட்டுள்ளன. ஆனால் தின்பண்ட உறை நம்முடனேயே இருக்கிறது. சட்டம் எட்டாத இடத்தில் சட்டைப் பைதான் துணை.

கடலை நம்பி வாழ்வோர்

கடலைக் காப்பது பற்றிப் பேசும் நகரவாசிகள் ஒரு பிழை செய்வதுண்டு. மீனவரைக் குற்றவாளியாகவும், தம்மைப் பாதுகாவலராகவும் குழந்தைகள் முன் காட்டிவிடுகின்றனர். உண்மை அவ்வாறன்று. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய கடற்கரைச் சிற்றூர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி சேகரித்து வாழ்கின்றனர். தேசியப் பூங்கா அமைந்தபோது அவர்கள் வழக்கமாகச் சென்றுவந்த தீவுக்கரைகள் தடைக்கு உட்பட்டன. உயிரினங்களைக் காப்பதா, அடுப்பெரிவதா என்னும் கடினமான வினா எழுந்தது. அப்பெண்கள் தாமே ஒன்றுகூடி, மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது என்றும், பாறையைப் பெயர்க்காமல் கையால் பறிப்பது என்றும் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவருக்கு 2015-ஆம் ஆண்டில், தீவுச் சூழலைக் காப்போர்க்கு அமெரிக்காவில் அளிக்கப்படும் ஸீகாலஜி பரிசு கிடைத்தது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் இத்தடை. கோடை விடுமுறையில் செல்லும் குடும்பங்கள் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக ஓய்ந்து கிடப்பதைக் காணலாம். “இவர்கள் இரண்டு மாதம் வருமானமின்றிப் பொறுத்திருப்பது யாருக்காக?” என்று குழந்தைகளைக் கேளுங்கள். “மீனுக்காக” என்பர் சிலர். “அடுத்த ஆண்டுக்காக” என்பர் சிலர். இரண்டும் சரியே.

மண்டபத்தில் 1940-களின் இறுதியில் நிலைபெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971-ஆம் ஆண்டில் தலைமையிடத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. மண்டபத்தில் இன்றும் அதன் பிராந்திய நிலையம் இயங்குகிறது. சென்னையிலோ, 1988-ஆம் ஆண்டு முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் குழுவினர் இரவு வேளைகளில் கரையோரம் நடந்து, பங்குனியாமை முட்டைகளைத் திரட்டிப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். மாணவரால் இயலும் பணி இது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

செய்யத்தகாதவை

படகுப் பயணமே கடலுக்குத் தீங்காகவும் அமையக்கூடும். பவளத்தின்மீது நங்கூரம் இறங்கினால் பல்லாண்டு வளர்ச்சி நொடியில் நொறுங்கும். ஆழமற்ற இடத்தில் விரைந்தோடும் விசிறி கடற்புல்லை வேரோடு பெயர்க்கும். ஆகவே “இன்னும் அருகில் போகலாமே” என்று படகோட்டியை வற்புறுத்தலாகாது. பாறைமீது நடத்தல், மீன்களுக்குப் பொரியும் ரொட்டியும் எறிதல், நட்சத்திர மீனை வெளியே எடுத்துப் படம் பிடித்தல் ஆகியன தவிர்க்கத்தக்கவை. பவளத் துண்டையும் உயிருள்ள சங்கையும் நினைவுப் பொருளாகக் கொண்டுவருவது சட்டத்துக்கும் புறம்பாகலாம். கரையில் கிடக்கும் காலிச் சிப்பியும் துறவி நண்டுக்கு வீடாகும். இவற்றைத் தடைகளாக அடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சொன்னால், பின்னர்ப் பிள்ளைகளே நம்மைக் கண்காணிக்கத் தொடங்குவர்.

வீடு திரும்பிய பின்

பயணம் கரையேறியதும் முடிவதில்லை. அடுகோடிக்குத் திரும்பிய வாரத்தில் என் மகள் தேசப்படத்தில் எம் தெருவிலிருந்து கடலூர் வரை நீலப் பென்சிலால் கோடு இழுத்துச் சுவரில் ஒட்டினாள். பின்னர்ச் சமையலறைக்குச் சென்று, சலவைத் தூள் பெட்டியின் அளவுக் கரண்டியை எடுத்து வந்து, “அம்மா, பாதி போட்டால் துணி வெளுக்காதா?” என்று வினவினாள். பாதி போட்டுத் துவைத்துப் பார்த்தோம்; துணி வெளுத்தது. இத்தனை ஆண்டுகளாக மிகுதிப் பாதியைத் தென்பெண்ணைக்கு அனுப்பிவந்தோம் என்பதை அன்றே அறிந்தோம்.

ஒரு குடும்பம் அரைக் கரண்டி தூளைக் குறைப்பதால் பெல்லந்தூரின் நுரை அடங்கிவிடாது. நகராட்சிகளும், சுத்திகரிப்பு நிலையங்களும், தொழிற்சாலைகளும், அரசுகளும் ஆற்ற வேண்டிய கடமையைக் குழந்தைகளின் தோளில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. ஆனால் அக்கடமைகளை நாளை நிறைவேற்றப்போகும் பொறியாளரும், அதிகாரியும், வாக்காளரும் இன்று நம் வீட்டில் வளரும் குழந்தைகளே. கடலைக் கண்ணாடியின் வழியே ஒருமுறை கண்டவர், கால்வாயில் குப்பை எறியத் தயங்குவர். பிச்சாவரத்துப் படகோட்டி சொன்னதுபோல், ஒரு மரம் தடுக்காது, காடு தடுக்கும். அக்காட்டுக்குரிய நாற்றுகளை வீட்டிலேயே முளைக்க வைப்பது பெற்றோரின் பொறுப்பாகும்.